சுருட்டுக்கு ஓர் அலமாரி, ஏலக்காய்க்கு ஒரு டப்பா

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, வடுமாங்காயில் பூசணம் பூப்பதைப் பற்றி இருக்கும். மீதிப் பாதி பட்டுப் புடவையைப் பற்றி இருக்கும். போடிநாயக்கனூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம் இந்த இரண்டு ரகத்திலும் சேராது.

அவருடைய கணவரின் தமையனார் பல வருஷங்கள் வெளிநாடுகளில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்துவிட்டார். வெறுங்கையோடு வரவில்லை; ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த சுருட்டுகள், ஐந்நூறுக்குக் குறையாதாம், அவரோடு வந்திருக்கின்றன! அவற்றை வைக்க மின்சார அலமாரி ஒன்று வாங்கப் போகிறார். உள்ளே இருக்கும் ஈரப்பசையைத் தானே அளந்து, தானே சரி செய்துகொள்ளும் அலமாரி. எதை வாங்குவது, அதைப் போடி வீட்டில் வைப்பதா, மேலே மலையில் தோட்டத்து வீட்டில் வைப்பதா என்று தினமும் வீட்டில் விவாதம் நடக்கிறதாம். கடிதத்தின் கடைசியில், முந்தானையில் முடிந்த காசு மாதிரி, சகோதரியின் சொந்தக் கேள்வி இருக்கிறது: தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். அதற்கென்று தோட்டத்துக் காயில் பொறுக்கி எடுத்து நான்கு கிலோ ஏலக்காய் வைத்திருக்கிறார். அதையும் அந்த அலமாரியில் ஒரு தட்டில் வைத்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது, அம்மா. கூடவே கூடாது.

போடிக்காரருக்கு ஏலக்காயைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனால் சென்னையிலும் கோவையிலும் இருக்கும் சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போடியிலிருந்து முந்தல் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் ஏலமலைகள். காய் விளைவது பெரும்பாலும் மேலே, வியாபாரம் கீழே. இந்த ஊரில் ஏலம் ஏலத்தில் போகிறது என்று சொன்னால் வார்த்தை விளையாட்டு அல்ல, அன்றாட நடப்பு. செடியிலிருந்து பறிக்கும்போது காயின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை 'ஸ்டோர்' என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தில் தட்டுகளில் பரப்பி, ஐம்பது டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில், ஏறக்குறைய ஒரு பகல் ஓர் இரவு வைக்கிறார்கள். சூடு கூடினால் பச்சை போய்விடும். குறைந்தால் காய் புழுங்கிவிடும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகிறது. அப்போது அதில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுதான். பிறகு கீழே போடியில் பெண்கள் உட்கார்ந்து கண்ணாலும் கையாலும் தரம் பிரிக்கிறார்கள். விடியுமுன் ஜீப்பில் மலையேறிக் காய் பறித்துவிட்டு இருட்டும் வேளையில் திரும்புகிறவர்களிலும் பெண்களே அதிகம்.

இத்தனை பேர் பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீரைத்தான் சுருட்டு அலமாரி மறுபடி காய்க்குள் ஏற்றும்! சுருட்டுக்கு வேண்டியது ஈரம். காற்று தாங்கக்கூடிய நீராவியை நூறு என்று வைத்துக்கொண்டால், அறுபத்தைந்திலிருந்து எழுபது வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மேல் இலை வெடித்து நொறுங்கும். மேலே போனால் பூசணம். அந்த ஈரத்தில் ஏலக்காயை மாதக் கணக்கில் வைத்தால் தோல் நமத்துப் பச்சை மங்கும், பூசணம் தலைகாட்டும். கண்ணாடிக் கதவு வழியாக வெளிச்சம் பட்டால் நிறம் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். வாசனையோ, காய் சுருட்டுக்குக் கொடுக்கும், சுருட்டு காய்க்குக் கொடுக்கும். கல்யாணப் பாயசத்தில் புகையிலை மணத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

நிற்க. தமையனாரின் அலமாரிக்கு வருவோம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியதுதான். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் ஐந்நூறு சுருட்டு வீட்டுக்குள் வந்த பிறகு, அது பூசணம் பிடித்து, பூச்சி வைத்து, பூச்சி சமையலறைக்குப் பரவினால் அவதிப்படுவது யார்? ஆகவே இது நம் விஷயமும்தான்.

கடையில் முதலில் அளவைச் சொல்வார்கள். 'ஐந்நூறு சுருட்டு கொள்ளும்' என்பது சின்னச் சுருட்டுகளைத் தீப்பெட்டிக் குச்சி மாதிரி நெருக்கி அடுக்கிப் பார்த்த கணக்கு. காற்று உலாவ இடம் விட்டு அடுக்கினால் அதில் முக்கால் பங்குதான் கொள்ளும். பெட்டி பெட்டியாக வைப்பதானால் அதுவும் கொள்ளாது. ஐந்நூறு சுருட்டுக்காரர் எழுநூறு அலமாரி பார்க்க வேண்டும்.

அளவைவிட முக்கியம், அது எப்படிக் குளிர்விக்கிறது என்பது. இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது போன்ற கம்ப்ரஸர். மற்றொன்று, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறு பக்கம் சுடுகிற ஒரு வில்லை; 1834-ல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட விளைவு அது. வில்லை சத்தம் போடாது, ஆடாது. ஆனால் அதற்குச் சக்தி கொஞ்சம். அறையின் உஷ்ணத்தைவிட ஓரளவுதான் இறக்க முடியும். சித்திரை வெயிலில் போடி வீட்டின் மேற்குப் பார்த்த அறையில் அதை வைத்தால் இரவும் பகலும் முனகிக்கொண்டே தோற்றுப் போகும். கம்ப்ரஸர் எந்த வெயிலையும் ஜெயிக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஈரத்தையும் வழித்து எடுத்துவிடும். பனிக்கட்டி போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலமாரியின் குளிர்ந்த பாகத்திலும் அப்படித்தான் காற்றின் ஈரம் முத்து முத்தாகக் கோத்து வடிந்துவிடும். ஆகவே கம்ப்ரஸர் அலமாரியில் நீர்த்தொட்டியும் விசிறியும் உள்ள ஈரமூட்டும் சாதனம் தாராளமாக இருக்க வேண்டும். அந்தத் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். காய்ச்சி வடித்த டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும்.

சகோதரியின் வீட்டு விவாதத்துக்கு இங்கேதான் தீர்ப்பு இருக்கிறது. போடியும் தோட்டமும் கூப்பிடு தூரந்தான். சீதோஷ்ணத்திலோ இரண்டும் வேறு தேசம். கீழே வெயிலும் வறண்ட காற்றும். குளிர்ச்சியும் வேண்டும், ஈரமும் வேண்டும். மேலே இயற்கையிலேயே குளிர்ச்சி. ஆனால் ஆனி, ஆடியில் துணி காயாத ஈரம். இந்த அலமாரிகளில் பெரும்பாலானவை ஈரத்தைக் கூட்டத் தெரிந்தவை, குறைக்கத் தெரியாதவை. வெளியே தொண்ணூறு என்று இருக்கும்போது கதவைத் திறந்தால் அத்தனையும் உள்ளே வரும். பிறகு அலமாரி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

என் யோசனை இது. போடி வீட்டில் குளிர்சாதன வசதி செய்த உள்ளறை ஒன்று இருந்தால், அந்த அறையில் வில்லை வகை அலமாரி வைக்கலாம்; பாதி வேலையை அறையே செய்துவிடும். வெயில் படாத சுவர், அடுப்புக்குத் தூரம், பின்புறம் ஒரு சாண் இடைவெளி, நல்ல ஸ்டெபிலைசர் இவ்வளவும் தேவை. அப்படி ஓர் அறை இல்லையென்றால் மலையிலேயே வைக்கலாம். அங்கே மின்சார அலமாரியே வேண்டாம்! நன்றாக மூடும் கதவுள்ள மர அலமாரியும், ஈரம் கூடினால் உறிஞ்சிக் குறைந்தால் விடுகிற உப்புக் கரைசல் பொட்டலங்களும் போதும். அவை 65, 69 என்று எண் போட்டே விற்கின்றன. மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற கவலையும் இல்லை. தமையனாருக்கு இந்தப் பதில் ருசிக்காது என்று தெரியும். விளக்கு எரிகிற, எண் காட்டுகிற சாமானிடம் ஆண்களுக்கு ஒரு மயக்கம் உண்டு.

எதை வாங்கினாலும் கதவைச் சோதியுங்கள். இரவில் அறையை இருட்டாக்கி, எரிகிற டார்ச்சை உள்ளே வைத்து மூடிச் சுற்றிப் பாருங்கள். கண்ணாடியைத் தவிர வேறு எந்த விளிம்பிலாவது ஒளி கசிந்தால் ஈரமும் அங்கே கசியும். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் பட்டை சரியில்லை.

உள் தட்டுகளுக்கு 'ஸ்பானிஷ் சீடர்' மரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது ஸ்பெயினிலும் விளைவதில்லை, உண்மையான சீடரும் இல்லை. அமெரிக்க வெப்ப நாடுகளில் வளரும் நம் வேப்பங் குடும்பத்து மரம். அதற்கு நெருங்கிய பங்காளிதான் ஏலத்தோட்டங்களில் நிழலுக்கு வைக்கும் சந்தன வேம்பு. புது அலமாரியின் மரம் தாகத்தோடு இருக்கும். தொட்டியில் நீர் ஊற்றி, சுருட்டு இல்லாமல் ஒரு வாரமாவது ஓட்டிவிட்டுப் பிறகு அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் தன் தாகத்தைச் சுருட்டிலிருந்து தீர்த்துக்கொள்ளும்.

அலமாரி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். தனியாகச் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிச் சமையலறை உப்பை வைத்தே அதைப் பரீட்சிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, சேறு போலக் குழைய சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் கருவியையும் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு நாள் முழுதும் வையுங்கள். எண் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் கருவி நான்கு குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையைத் தமையனார் எதிரில் செய்து காட்டும்படி சகோதரிக்குச் சிபாரிசு செய்கிறேன்.

இனி பூச்சி. பழைய மிளகாய்த் தூளிலும் தனியாவிலும் பழுப்பு நிறத்தில் கடுகளவு வண்டு ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். சுருட்டைத் துளைக்கிற வண்டும் அநேகமாக அதுவேதான்! புகையிலை வண்டு என்றே அதற்குப் பெயர்; மசாலாச் சாமான்களும் அதற்கு விருந்து. சுருட்டுக்குள் முட்டை இருந்தாலும் வெளியே தெரியாது. உஷ்ணம் ஏறினால் பொரிந்து புறப்படும். அதனால்தான் அலமாரியைப் பதினெட்டு டிகிரியை ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். புதிதாக வரும் பெட்டி ஒவ்வொன்றையும் இரண்டு பைகளில் காற்றில்லாமல் கட்டி, ஃபிரீஸரில் ஒரு வாரம், பிறகு கீழ்த் தட்டில் ஒரு நாள் வைத்து, அதன் பின்பே அலமாரிக்குள் விட வேண்டும். இரண்டு பை என்பது நம் இட்லி மாவின் பொருட்டு.

நம்முடைய உறையூர்ச் சுருட்டுகள் ஒரு காலத்தில் 'டிரிச்சினாப்பள்ளி' என்ற பேரோடு கப்பலேறி இங்கிலாந்து போயின. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே அந்தச் சுருட்டின் சாம்பலைத் துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். மின்சார அலமாரி ஏதும் இல்லாமல்தான் அவை அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தன. அது கிடக்கட்டும்.

சகோதரியின் நான்கு கிலோவுக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு இது. சுருட்டுக்காக வீடே கூடி யோசிக்கும்போது இதற்கு ஒரு வேளை யோசனை செலவழித்தால் தப்பில்லை. வியாபாரிகள் கிடங்கில் கறுப்புப் பாலிதீன் உறைக்குள் கட்டி, மேலே சாக்கு போட்டு, இருட்டில் வைக்கிறார்கள். நாமும் அதையே சின்ன அளவில் செய்யலாம். கட்டுமுன் ஒரு காயை ஒடித்துப் பாருங்கள். தோல் மொறுமொறுப்பாக உடைய வேண்டும், அரிசி கறுத்து வாசனை தூக்க வேண்டும். குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. தோட்டத்து ஸ்டோரில் கொடுத்து மறுபடி இளஞ்சூடு காட்டி வாங்குங்கள். மொட்டை மாடி வெயிலில் மட்டும் போடாதீர்கள், பச்சை ஒரே நாளில் வெளுத்துவிடும். கடையில் வாங்குகிறவர்கள், நிறம் கண்ணைப் பறித்தால் இரண்டு காயைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் சட்டென்று பச்சையானால் அது சாயம்.

பிறகு அரைக் கிலோ வீதம் எட்டுக் கறுப்புப் பைகளில் கட்டுங்கள். ஒன்றைத் திறந்தால் மற்ற ஏழும் காற்றுப் படாமல் இருக்கும். எட்டையும் இறுக மூடும் எவர்சில்வர் தூக்கு ஒன்றில் அடுக்கி, அடுப்படிப் பரணில் அல்ல, உள்ளறையில் பீரோவின் கீழ்த் தட்டில் வையுங்கள். அடை மழை நாளில் திறக்காதீர்கள்.

உரித்து அரிசியாக எடுத்து வைத்தால் இடம் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வாசனை எண்ணெய் அரிசியில் இருக்கிறது. அதைக் காப்பாற்றும் மூடி தோல்தான். தோல் போனதும் வாசனை நாளுக்கு நாள் பறந்துவிடும். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, சமையற்காரர் கேட்கும்போது உரித்துப் பொடித்துக் கொடுங்கள். உரித்த தோலைக் குப்பையில் போடாமல் தேயிலை டப்பாவில் போடச் சொல்லுங்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாலைந்து நாளைக்கு டீ மணக்கும்.