விசையும் விரலும்

எழுதுகோலின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிய அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே அவ்வேதத்தின் மிக நீண்ட வசனமாகும். எழுதுபவர் நீதி தவறாது எழுதவேண்டும் என்று அது பணிக்கின்றது. இன்று எழுதுபவரின் கையில் இருப்பது விசைப்பலகை. தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் சம்பளப் பட்டியலும் சரக்குச் சீட்டும் அதன் வழியே பிறக்கின்றன. பிள்ளைகளுக்கு அதனை வாங்கித் தரும் பெற்றோர் அதன் தரம் அறிந்திருத்தல் நலம்.

பழைய தட்டச்சுப் பொறியைப் போல வட்ட விசைகளும் பளபளக்கும் விளிம்பும் கொண்ட விசைப்பலகைகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. சாதாரணப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்க, இவற்றுக்கோ ஆயிரக்கணக்கில் விலை. பழைய பொறியின் உணர்வைத் தருவதாகச் சொல்கின்றனர். அவ்வுணர்வு யாது?

இந்தியாவில் 1955-இல் முதன்முதலாகத் தட்டச்சுப் பொறியைச் செய்த கோத்ரெஜ் நிறுவனம், 2009-இல் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. அப்பொறிகளில் விரலின் வலிமையே மையாகத் தாளில் விழும். சுண்டு விரல் தளர்ந்தால் எழுத்து மங்கும். ஓங்கி அடித்தால் புள்ளி தாளைத் துளைக்கும். பத்து விரலும் ஒரே சீராக உழைக்கப் பழகியது அதனாலேயே.

கணினி உலகில் இவ்வுணர்வுக்குப் பெயர் பெற்றது ஐ.பி.எம். நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'மாடல் எம்' பலகை. ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் வளைந்து மடியும்; அந்நொடியே 'டிக்' என்ற ஓசை எழும்; எழுத்து பதிந்தது விரலுக்கும் செவிக்கும் தெரியும். மலிவான பலகையில் வில்லுக்குப் பதில் ரப்பர்க் குமிழ் இருக்கும். அடிவரை அழுத்தினால்தான் எழுத்து பதியும். நாளடைவில் ரப்பர் தளர்ந்துவிடும். தனித்தனி வில் கொண்ட இக்காலப் பலகைகளிலோ ஏறக்குறைய பாதித் தொலைவிலேயே எழுத்து பதிந்துவிடும். அவற்றின் விசைகளில் பொதுவாக நீலம் ஓசையெழுப்பும். பழுப்பு ஓசை குறைந்து, சிறு தடையை மட்டும் உணர்த்தும். சிவப்பு தடையின்றி இறங்கும். குழந்தைகள் உறங்கும் வீட்டுக்குப் பழுப்பே ஏற்றது.

ஆகவே சிறப்பு வில்லில் இருக்கின்றது. வட்ட வடிவில் அன்று. வட்ட விசைகளுக்கிடையே வெற்றிடம் மிகுதியாதலால் விரல் வழுக்கவும் கூடும். கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்பதற்காக மட்டும் பணத்தைக் கொட்டுவது வீண்விரயமே.

விலையுயர்ந்த பலகை தமிழைத் தானே எழுதிவிடாது என்பதையும் அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்த ஆர். முத்தையா அவர்கள் வகுத்த தமிழ்த் தட்டச்சு முறையில், மெய்யெழுத்துக்குப் புள்ளியை முதலில் தட்டவேண்டும். உருளை நகராது நிற்க, எழுத்து அதன் கீழ் வந்து விழும். 1999-இல் வகுக்கப்பட்ட 'தமிழ்99' முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். எம்முறையாயினும் ஒன்றைத் தேர்ந்து, அதில் ஊன்றிப் பழகுதல் வேண்டும்.

பத்தாம் வகுப்போடு வீட்டில் நின்றுவிட்ட நம் பெண்மக்கள் பலர். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளில் தேறியவருக்கு அரசுத் தட்டச்சர் பணிக்கான வழி திறக்கின்றது. ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்பது அளவு. அலங்காரப் பலகைக்குச் செலவிடும் தொகையைத் தட்டச்சுப் பயிலகக் கட்டணமாகச் செலுத்தினால், அது ஒரு மகளின் வாழ்வுக்குத் துணையாகும். தேர்வு எவ்வகைப் பொறியில் நடக்கின்றது என்பதைப் பயிலகத்தாரிடம் கேட்டறிந்து, அதிலேயே பழகச் செய்யுங்கள்.

சம்பளப் பட்டியலில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் ஒரு தொழிலாளியின் வீட்டு அடுப்பு அணையலாம். விசையைத் தொடும் விரல் அமானிதத்தைத் தொடுகின்றது என்னும் உணர்வை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோமாக. வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.