கையொப்பத்துக்கு ஒரு முழங்கால்

அக்டோபர் 1 நெருங்கியதும் நம் இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் முதியோரைத் தேடிப் புறப்பட்டுவிடுகின்றன. சமுதாயக் கூடத்தில் பதாகை, வலிக்குப் பத்துக்குள் ஓர் எண், கால் மணி நேர மின்சிகிச்சை, நான்கு பயிற்சிகள் அச்சிட்ட தாள், இறுதியில் குழுப் புகைப்படம். மாணவரின் பதிவேட்டில் ஒரு கையொப்பம் கூடுகிறது. மறுநாள் காலை அந்த மூதாட்டி கழிப்பறையில் குந்தி எழ முடிந்ததா என்று கேட்பார் இல்லை. இதற்குச் 'சமுதாய சேவை' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். சேவை நடப்பது உண்மைதான். செய்பவர் முதியவர், பெறுபவர் மாணவர்.

நடமாட்டம் குறைந்த முதியவருக்கு எது பயன்தரும் என்பது புதிரன்று. 1990இல் ஃபியாட்டரோன் குழுவினர் பாஸ்டனில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கடினமான கால்தசைப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் தசைவலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி வாரத்தில் மூன்று நாட்களேனும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். மூட்டுத் தேய்வுக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ் முதலிய மின்சிகிச்சைகளை அளிக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. நம் முகாம்களில் நீண்ட வரிசை இன்னும் அந்தப் பெட்டியின் முன்னால்தான் நிற்கிறது. (பெட்டியில் விளக்கு எரிகிறது, பயிற்சியில் எரிவதில்லை.)

வாரம் மூன்று நாள், ஆண்டு முழுவதும் என்றால் எந்தச் சிகிச்சையாளரும் உடனிருக்க முடியாது. முதியவரே தம் உடலை நடத்திக்கொள்ள வேண்டும். ஆனால் தன்மேலாண்மை என்பது தாளைக் கொடுத்து அனுப்புவதன்று. ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் உருவாக்கிய பயிற்சிகளின் உயிர்நாடி வேறு: இலக்கைத் தாமே தேர்வது, ஒரு வாரத்துக்கான சிறு திட்டம் வகுப்பது, தடங்கல் வந்தால் மாற்று வழி காண்பது, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையைச் செய்துபார்த்தே பெறுவது. இதற்கு வாராவாரம் வந்து, 'பாட்டி, இந்த வாரம் எத்தனை நாள் செய்தீர்கள்? ஏன் விட்டுப்போயிற்று?' என்று பொறுமையாகக் கேட்கும் ஒருவர் போதும். இருபது வயது மாணவரைவிட அதற்குத் தகுந்தவர் யார்? நேரம் இருக்கிறது, கற்கும் ஆவல் இருக்கிறது, அச்சுறுத்தும் அதிகாரம் இல்லை.

வீட்டுக்குப் போனால்தான் நம் அளவுகோல்களின் குறையும் தெரியும். 1965இல் வந்த பார்தல் குறியீடு படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதைக் கேட்கிறது. 1991இன் 'எழுந்து நட' சோதனை நாற்காலியிலிருந்து தொடங்குகிறது. தரையில் அமர்ந்து உண்டு, கையூன்றி எழுந்து பழகிய உடலின் இழப்பு இவற்றில் எந்தக் கட்டத்திலும் விழாது.

மாணவருக்கு அனுபவம் போதாது, முதியவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பார்கள். அதற்குத்தான் மேற்பார்வை, ஆசிரியர் வளாகத்தைவிட்டு வெளியே வர வேண்டியிருக்கும் என்பதே இங்குள்ள உண்மையான தயக்கம். 'தன்மேலாண்மை' அரசு கைகழுவ ஒரு சாக்கு என்ற மறுப்போ கனமானது. 2011 கணக்கெடுப்பிலேயே 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல். 2010-11இல் தொடங்கிய தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம், மறுவாழ்வுப் பணியாளர் வீடு தேடிச் செல்வதைத் தன் ஆவணத்திலேயே வைத்திருக்கிறது. அந்தப் பணியிடத்துக்கு ஊதியமற்ற மாணவர் மாற்றாகிவிடக் கூடாது. பேருந்துப் படியின் உயரத்தை எந்தப் பயிற்சியும் குறைக்கப்போவதுமில்லை. எனினும், பத்து வாரம் ஒரே வீட்டுக்குச் சென்ற மாணவர் அந்தப் படியை அறிந்திருப்பார். முகாமில் அமர்ந்தவர் அறியமாட்டார்.

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் 'குடும்பத் தத்தெடுப்பு' பாடத்திட்டத்திலேயே வந்துவிட்டது. அதன் நடைமுறைக் குறைகள் இருக்கட்டும், தொடர்ச்சி என்ற கருத்தையாவது அது ஏற்றிருக்கிறது. 2021 சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையம் இயன்முறை மருத்துவத்துக்கும் இதைக் கட்டாயமாக்கட்டும்: ஒரு பருவம், ஐந்து முதியவர்கள், வாரம் ஒரு சந்திப்பு, முதியவர் சொன்ன இலக்கு அவர் சொன்ன சொற்களிலேயே பதிவேட்டில். 'பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை' என்ற பத்தியை அடித்துவிட்டு 'தொடர்ந்த வாரங்கள்' என்று எழுதுங்கள். பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்த ஒரு பத்தியைச் சேர்த்தால், வரைவு எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.