கூலி உயர்வும் கடைக்காரர் கணக்கும்

கூலியை உயர்த்தினால் உண்டிச்சாலை நட்டமடையும் என்பது பலர் கொண்ட முடிபு. யாம் அதனை ஒப்புகின்றிலேம். பழகிய ஊழியன் ஒருவன் விலகின், புதியவனைத் தேடுதலும் பயிற்றுதலும் அவன் கைப்பிழை பொறுத்தலும் ஆகிய செலவெல்லாம் எவர் தலையில் விழும்? அதனைப் பேரேட்டில் எழுதுவார் இலர்.

நியூயார்க்கு மாநகரில் பல உண்டிச்சாலைகளை நடத்திய டேனி மேயர் என்பார் 2015-ஆம் ஆண்டில் ஒரு துணிவு கொண்டார். அங்கே பரிமாறுவோர் வருவாயிற் பெரும்பகுதி உண்பார் அளிக்கும் இனாமே. அடுப்பின்முன் வெந்து நிற்கும் சமையற்காரருக்கோ அதிற் பங்கில்லை. அம்மாநிலச் சட்டமும் தடுத்தது. ஆதலின் மேயர் இனாமை ஒழித்து, உணவின் விலையை உயர்த்தி, அவ்விலையினின்றே சமையற்காரர் கூலியைக் கூட்டத் தலைப்பட்டார். நல்ல சமையற்காரர் கிடைத்தல் அரிதாயிருந்த காலம் அது. எனவே இஃது அறம் மட்டுமன்று, வாணிகமும் ஆம். வாணிகமாயின் குறையென்ன?

அம்முயற்சி நெடுநாள் நிலைத்திலது. இனாமால் மிகுதியாய் ஈட்டிய பரிமாறுவோர் பலர் வருவாய் குறையவே விலகினர். அண்டைக் கடைகள் பழைய வழியிலேயே நின்றமையின், இவர்தம் விலைப்பட்டியல் மட்டும் உயர்ந்து தோன்றிற்று. 2020-இல், கொள்ளைநோய்க் காலத்தில், இனாம் மீண்டும் வந்தது.

இதுகொண்டு கூலியுயர்வே பேதைமை என நகைப்பாரோடு யாம் உடன்படோம். ஒருவர்க்குக் கூட்டியது பிறிதொருவர்க்குக் குறைவாய் முடிந்ததே பிழை. சமையலறையார் குறையோ பொய்யன்று. இனாம் மீண்டபோதும், விற்பனை வருவாயில் ஒரு பங்கை அவர்க்கு அளிப்பதாகவே மேயர் கூறினார்.