காலிக் கோட்டையில் இரண்டு மணித்தியாலம்: நமது கரையின் கதையை யார் சொல்வது?

கல்யாண வீடு ஒன்றுக்காக அண்மையில் காலிக்குப் போயிருந்தேன். கல்முனையிலிருந்து காலிக்குப் போவதென்றால் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதுதான். அவ்வளவு தூரம் வந்துவிட்டு கோட்டையைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. மறுநாள் காலை, வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டேன். வெளிநாட்டவர் நான்கு பேர், கொழும்புத் தம்பதியினர் இருவர், நான். வழிகாட்டி ஒரு சிங்கள இளைஞர். தொழில் தெரிந்தவர், பண்பானவர்.

போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டை, 1640இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1796இல் ஆங்கிலேயர் வந்தது, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது எல்லாவற்றையும் அவர் வரிசையாகச் சொன்னார். பழைய வாயிலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னத்தையும், அதன் மேல் நிற்கும் சேவலையும், 1669 என்ற ஆண்டையும் காட்டினார். மதிலின் மேல் ஏறி நடந்தபோது, 2004 சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் அழிந்துபோக, இந்த மதிலே உள்ளிருந்தவர்களைக் காப்பாற்றியது என்றார்.

நடுவில் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். கல்முனை என்றேன். சற்று யோசித்துவிட்டு, "சாய்ந்தமருதுப் பக்கமா?" என்றார்.

அவருக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, உயிர்த்த ஞாயிறு தாக்குதலை நடத்திய கும்பலைச் சேர்ந்தவர்கள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகளை வெடிக்கச் செய்தார்கள். பிள்ளைகளும் செத்தார்கள். அன்றைக்கு உலகத் தொலைக்காட்சிகளில் வந்த எங்கள் ஊர்ப் பெயர் அவர் மனதில் அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டில் இருந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் ஊர் முஸ்லிம்கள்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். "அப்படியா?" என்று உண்மையான வியப்போடு கேட்டார். அவரிடம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஓர் ஊரின் கதையை அந்த ஊர் சொல்லாவிட்டால், அங்கே நடந்த மிக மோசமான நாளே அதன் கதையாகிவிடுகிறது.

மிச்ச நடை முழுவதும் எனக்கு இதே யோசனைதான்.

சொல்லப்படாத காலி

அன்று எங்களுக்குச் சொல்லப்பட்ட காலி, மதில் கட்டப்பட்ட நாளிலிருந்து தொடங்கியது. ஆனால் 1344இல் இப்னு பதூதா தெவுந்தரையிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் இந்த ஊரில் தங்கினார். அவரை விருந்தோம்பியவர் இப்றாஹீம் என்ற மரக்கலத் தலைவர். போர்த்துக்கேயர் இலங்கையைக் காண்பதற்கு 160 ஆண்டுகளுக்கு முன்னரே காலியில் ஒரு முஸ்லிம் மாலுமி வீடு வைத்திருந்தார் என்பதே இதன் பொருள்.

இன்னொன்று, காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல். 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் அதைக் கண்டெடுத்தார். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அதிலுள்ள மொழிகள் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவுந்தரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. தென்னிலங்கைத் துறைமுகத்தில் எல்லோருக்கும் விளங்கவேண்டும் என்று நினைத்தவர்கள் தேர்ந்தெடுத்த மொழிகளில் தமிழும் ஒன்று. இன்றைக்குக் காலியில் ஒரு பெயர்ப்பலகையில் தமிழைத் தேடி நடப்பவனுக்கு இது சின்ன விசயம் அல்ல.

மூன்றாவது விசயம் எங்கள் கரையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். சுமார் 4,000 பேர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கிழக்கில் அதற்கு முன்னரும் முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆனாலும் எங்கள் ஊர்களின் இரத்தத்தில் ஒரு பங்கு, மேற்கிலும் தெற்கிலும் இருந்து விரட்டப்பட்டவர்களுடையது. நான் பயணியாக நடந்த துறைமுகங்கள் ஒரு காலத்தில் எங்கள் ஆட்களின் தொழில் இடங்கள்.

மீரான் பள்ளியும் விற்கப்பட்ட வீடுகளும்

வெளிச்ச வீட்டுக்கு முன்னால் மீரான் ஜும்ஆப் பள்ளி நிற்கிறது. தூரத்தில் பார்த்தால் தேவாலயம் என்றே நினைக்கத் தோன்றும். "இது பள்ளிவாசல், 1904இல் கட்டியது, படம் எடுக்கலாம்" என்றார் வழிகாட்டி. படம் எடுத்தோம். நடை அங்கே முடிந்தது.

மற்றவர்கள் போனபிறகு லுஹர் தொழுகைக்கு அங்கேயே நின்றுவிட்டேன். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு முதியவரோடு கதைக்கக் கிடைத்தது. தன் சின்ன வயதில் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்றார். இப்போது அந்த வீடுகள் ஹோட்டல்களும் நகைக்கடைகளும் கோப்பிக்கடைகளும். பிள்ளைகள் மதிலுக்கு வெளியே குடியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறார்கள்.

"வித்தது பிழையெண்டு சொல்ல ஏலா மகன். அந்த விலைக்கு யாரும் விப்பாங்க. ஆனா பாதையில சலாம் சொல்ல ஆளில்லாமப் பெய்த்து," என்றார்.

மரபுரிமை என்ற சொல்லை நாம் எப்போதும் நல்ல சொல்லாகவே கேட்டுப் பழகிவிட்டோம். காலியில் அது கட்டடத்தைக் காத்தது. ஆனால் வீட்டின் முகப்பை மாற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, வீட்டில் இருப்பவர் மாறுவதற்குச் சட்டமில்லை. 2002இல் வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கான 100 வீத வரி நீக்கப்பட்டு, 2004இல் மீண்டும் வந்தது. அந்த இடைவெளியில் கோட்டைக்குள் கைமாறிய வீடுகள் அதிகம். சுற்றுலா ஓர் ஊரை வாழ வைக்கலாம், ஊராரை வெளியேற்றவும் செய்யலாம். எங்கள் மாவட்டத்தில் அறுகம்பையை அண்டி வாழும் பொத்துவில் மக்களுக்கு இது புதிய பாடமல்ல. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் ஓர் அறிவித்தல் விட்டதும் அந்தக் கடற்கரை ஒரே நாளில் உலகச் செய்தியானது. அப்போதும் எங்கள் பெயர் ஆபத்தோடு சேர்ந்துதான் வந்தது.

எங்களுக்கு மதில் இருக்கவில்லை

திரும்பி வரும் பஸ்ஸில், எங்கள் கரையில் ஒருவரை இப்படி நடத்திக்கொண்டு போனால் எதைக் காட்டுவது என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் வந்த பதில்: காட்ட என்ன மிச்சம்?

2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கடற்கரை வீதிகளில் வீடுகள், பள்ளிகள், கோயில்கள், பாடசாலைகள், உறுதிகள், பதிவேடுகள், பழைய படங்கள் என்று எல்லாம் போயின. பிறகு வந்த தடைவலயம் தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கியடித்து வாழும் சாய்ந்தமருதில் 200 மீற்றர் பின்னால் போனால் அடுத்தவர் அடுப்படிதான் இருக்கும். அக்கரைப்பற்றுப் பகுதி மக்களுக்காக சவூதி அரேபிய உதவியில் நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள், இனவிகிதாசார வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன.

இரண்டாவது காரணம் அச்சம். காலியில் 'தொல்பொருள்' என்றால் டொலர். எங்கள் பக்கத்தில் 'தொல்பொருள்' என்றால் எல்லைக்கல். 2020 ஜூன் 2ஆம் திகதி கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்ய ஒரு ஜனாதிபதி செயலணி வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் அறிவிக்கப்பட்ட உறுப்பினர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. மூன்று இனமும் வாழும் மாகாணத்தின் வரலாற்றை ஓர் இனத்தவர் மட்டும் பார்த்துச் சொல்லலாம் என்று அரசு நினைத்தது. பொத்துவில் முகுது மகா விகாரையைச் சூழவுள்ள காணிப் பிரச்சினையில் சனங்கள் பட்ட பயம் அதிலிருந்து வந்தது. அங்கே பழைய பௌத்தச் சின்னங்கள் இருப்பது உண்மை. அவற்றைப் பாதுகாக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பழைய கல்லைக் காப்பது, பக்கத்து வீட்டுக்காரனின் உறுதியைச் செல்லாததாக்குவதாக இருக்கக் கூடாது.

இதன் விளைவைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். பயத்தினால் எங்கள் ஊரின் பழமையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். காணிக்குள் பழைய கல் ஒன்று கண்டால் மூடிவிடு என்பதே இன்றைய புத்திமதி. பேசாமல் இருப்பதனால் காணி பாதுகாக்கப்படும் என்று நினைக்கிறோம். உண்மையில், எழுதிவைக்காத சனத்துக்குத்தான் "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்று சொல்வது இலகு.

எங்கள் நடை எப்படி இருக்கும்?

நான் மனதுக்குள் ஒரு பாதை போட்டுப் பார்த்தேன். மருதமுனையில் தொடங்கலாம், கைத்தறிச் சத்தம் இன்னும் கேட்கும் வீடுகளிலிருந்து. அடுத்து பாண்டிருப்பு, தீமிதிப்புக்குப் பெயர்போன திரௌபதை அம்மன் கோயில். பிறகு கல்முனை நகரம். கல்முனைக்குடியில் நாகூர் ஆண்டகை பேரில் கொடியேறும் கடற்கரைப் பள்ளி. தமிழ்நாட்டு நாகூருக்கும் எங்கள் கரைக்கும் இடையே கடல்வழித் தொடர்பு இருந்ததற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சாய்ந்தமருதில் கரைவலைத் தோணிகள். காரைதீவில், 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த இடம். நிந்தவூர் கடந்து ஒலுவிலில் முடிக்கலாம்.

ஒலுவில் துறைமுகம் இந்தக் கரையின் பெரிய கனவு. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்தபோது தொடங்கிய எண்ணம். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியில் கட்டி, 2013 செப்டம்பர் 1ஆம் திகதி திறந்தார்கள். எதிர்பார்த்த வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் நீட்டிய கல்லணைகள் அதை மறித்தன. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது, வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் நிலத்தைத் தின்றது. தென்னைகளும் வாடிகளும் போயின. காலியும் 1875இல் கொழும்பு அலைதாங்கி கட்டத் தொடங்கிய பின்னர் கப்பல்களை இழந்த துறைமுகம்தான். தோற்ற துறைமுகத்தையும் ஒரு கதையாகச் சொல்ல முடியும். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்.

உண்மை என்று வரும்போது எங்களுடைய மௌனங்களையும் சொல்லத்தான் வேண்டும். 1985இல் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்ததை எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறோம்? 1990 ஜூனில் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். பின்னர் படையினர் நகருக்குள் வந்தபோது தமிழர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்ட செய்தி வந்தபோது எங்கள் ஊர்கள் உறங்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் காத்தான்குடி தெரியும், கல்முனைத் தமிழரின் 1990 தெரியாது. பாண்டிருப்புப் பிள்ளைகளுக்கு அது தெரியும், இது தெரியாது. வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை 2019இல் உண்ணாவிரதம் வரை போனதற்கும், இன்றும் இழுபடுவதற்கும் இந்த அரைவாசிக் கதைகளும் ஒரு காரணம்.

செயலணியில் நம்மைச் சேர்க்கவில்லை என்று குறை சொன்னோம். நியாயமான குறை. அப்படியானால் நாம் போடும் பாதையில் பாண்டிருப்பும் காரைதீவும் முகுது விகாரையும் இல்லாமல் போனால், நமக்கும் அந்தச் செயலணிக்கும் என்ன வித்தியாசம்?

இதைத் தொடங்கக் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ், முஸ்லிம் மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, எழுபது வயது தாண்டியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யலாம். சுனாமிக்கு முந்திய படம், உறுதி, பள்ளிக் கணக்குப் புத்தகம், கோயில் அறிவித்தல் எதுவானாலும் பிரதி எடுத்து நூலகங்களில் வைக்கலாம். மாதத்தில் ஒரு நாள், வெளிநாட்டவருக்கு அல்ல, முதலில் உள்ளூர்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, மருதமுனையிலிருந்து காரைதீவு வரை நடத்திக் காட்டலாம். சுற்றுலா வந்தால் பிறகு வரட்டும். வரும்போது, வீடு விற்காமலே வருமானம் காணும் வழியை ஊர் யோசித்து வைத்திருக்கவேண்டும். மீரான் பள்ளி முதியவரின் பேச்சிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

ஊருக்கு வந்த அடுத்த நாள் காலை, என் மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பள்ளி வரை நடந்தேன். சுனாமிக்கு முன்னர் இந்த இடத்தில் யார் வீடு இருந்தது என்று கேட்டாள். மூன்று வீடுகள் வரை சொல்ல முடிந்தது. நான்காவது வீட்டுக்காரரின் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் உம்மாவிடம்தான் கேட்கவேண்டும்.