மின்னஞ்சல் மோசமும் சர்க்காரின் மௌனமும்

திருப்பூர் பனியன் வியாபாரி ஒருவர் சீமைக்குச் சரக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதனிடையே அவர் பெயரால் அங்குள்ள வாடிக்கைக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது. முகவரியில் ஓர் எழுத்து மட்டுமே வேறு. "எங்கள் பாங்குக் கணக்கு மாறிவிட்டது; புதிய கணக்கில் செலுத்தவும்" என்று அதில் கண்டிருக்கிறது. சரக்கும் போயிற்று, பணமும் எவனோ ஒருவன் கைக்குப் போயிற்று. கோயமுத்தூர் பம்ப் தொழிலாளருக்கும் கரூர் ஜவுளிக்காரருக்கும் இதே அபாயந்தான். கேளாமலே தினமும் வந்து குவியும் கடன் விளம்பரங்களையும் பரிசுச் செய்திகளையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைத் தடுக்கச் சட்டம் ஒன்று இருந்தது. 2008-ம் வருஷத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 66-ஏ பிரிவு, அனுப்புகிறவர் யார் என்பதில் ஏமாற்றும் மின்னஞ்சலுக்கு மூன்று வருஷம் வரை சிறை விதித்தது. ஆனால் அதே பிரிவில் "தொந்தரவு", "அசௌகரியம்" என்ற வரம்பில்லாத சொற்களையும் நுழைத்துவிட்டார்கள். விளைவு, அபிப்பிராயம் சொன்ன சாமானிய ஜனங்கள் கைது செய்யப்பட்டார்கள்! 1910-ம் வருஷத்து அச்சுச் சட்டத்தால் தேசியப் பத்திரிகைகள் பட்ட பாட்டை அறிந்த எவரும் அப்பிரிவுக்காகக் கண்ணீர் விடமாட்டார்கள். 2015 மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது முற்றிலும் நியாயமே. எனினும் களையோடு பயிரும் போயிற்று. அந்த இடத்தில் மறுபடி விதைக்கச் சர்க்காருக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஆள்மாறாட்ட மோசடியைத் தண்டிக்க 66-டி பிரிவு இருக்கிறதே என்பார்கள். ஏமாந்தவன் உண்டென்றால் அது உதவும். கேளாத கடிதங்களை லட்சக்கணக்கில் வீசுகிறவனை அது தீண்டாது. தொலைபேசி விளம்பரங்களுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் 2018-ல் விதிகள் செய்த டிராய், மின்னஞ்சலை அவற்றில் சேர்க்கவில்லை. அமெரிக்காவோ 2003-லேயே பொய்த் தலைப்பையும் பொய் முகவரியையும் தடுத்து, "இனி அனுப்பாதே" என்று ஒருவர் சொன்னால் பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டுமென விதித்துவிட்டது. கானடாவில் 2014 முதல் முன்சம்மதமே வேண்டும்.

அந்நிய நாட்டிலிருந்து வருவதை எப்படிப் பிடிப்பது என்று கேட்கலாம். இங்கிருந்தே அனுப்புகிறவர்களையும், அதனால் லாபம் பெறும் கம்பெனிகளையும் முதலில் பிடிக்கட்டும். பெயரில் பொய், தலைப்பில் பொய், நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமை ஆகிய இம்மூன்றை மட்டுமே குற்றமாக்கி, அபிப்பிராயத்தின் பக்கமே போகாத குறுகிய சட்டம் ஒன்று போதும். கொங்கு நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தாரும் இதற்கு மன்றாட வேண்டும்.

அதுவரை, கணக்கு மாறிற்று என்று கடிதம் வந்தால், முன்பே தெரிந்த எண்ணில் தொலைபேசியில் கேட்டுவிட்டே பணம் செலுத்தும்படி வியாபாரிகள் தங்கள் வாடிக்கைக்காரர்களுக்கு இன்றே எழுதி வைக்கட்டும். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்க.