வாலும் வலிமையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வழக்கு. மனிதருக்கு அஃது ஓரளவு பொருந்தலாம். மோட்டார் வண்டிக்குப் பொருந்துமா?

அண்மையில் நண்பரொருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய மகன் பழைய காரொன்றை வாங்கி அலங்கரித்திருந்தார். பின்புறத்திலே விமானச் சிறகு போன்றதொரு பலகை, வாயகன்ற புகைக்குழாய், பக்கங்களிலே தீச்சுவாலைச் சித்திரம். "இனி இது பந்தயக் கார் மாதிரி ஓடும், மாமா" என்றார். நாம் குனிந்து டயர்களைப் பார்த்தோம். வரிகள் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன. மாரிக்காலமோ நெருங்குகிறது. அந்தக் காரிலேதான் அவருடைய தாயாரும் தங்கையும் கோவிலுக்குப் போய்வருகின்றனர்.

இந்த மயக்கம் புதியதன்று. அமெரிக்காவிலே 1948ஆம் ஆண்டு கடிலாக் காரின் பின்புறத்தில் சிறு வால்கள் முளைத்தன. பி-38 என்னும் போர்விமானத்தின் வாலைக் கண்டு, ஹார்லி ஏர்ள் தலைமையிலான வடிவமைப்பாளர் அமைத்தவை அவை. அவ்வால்கள் வளர்ந்து 1959இல் உச்சத்தை எட்டின. ஏறக்குறைய 19 அடி நீளமான அவ்வண்டி விமானத்தை நினைவூட்டியது. ஆனால் வாலினால் அதன் வேகம் கூடிவிடவில்லை. சில ஆண்டுகளில் நாகரிகம் மாறிற்று, வாலும் மறைந்தது.

அதே 1959இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி வெளிவந்தது. நீளம் 10 அடிதான். வலுவோ 34 குதிரைவலு. பந்தயக் கார்களை அமைத்த ஜோன் கூப்பர் அச்சிறு வண்டியின் திறனை உணர்ந்தார். 1961இல் மினி கூப்பர் பிறந்தது. வீதியிலே கண்டவர்க்குப் பெரும் வேறுபாடு தெரிந்திராது. மாற்றமெல்லாம் உள்ளே. 848 கன சென்ரிமீற்றராக இருந்த இயந்திரம் 997 ஆயிற்று. காபரேற்றர் ஒன்று இரண்டாயிற்று. வலு 55 ஆக உயர்ந்தது. வேகத்தைக் கூட்டியவர்கள் அதனை அடக்கும் வழியையும் மறந்தாரில்லை. முன்சக்கரங்களுக்குத் தட்டுப் பிரேக் பூட்டினர். அதன் வழிவந்த கூப்பர் எஸ், 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் பெருங் கார்களையும் பின்தள்ளி மொன்ரே கார்லோ ஓட்டத்தில் வென்றது.

வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அத்தூரத்தைக் குறைப்பவை நல்ல பிரேக்கும் நல்ல டயருமே. சிறகு, பந்தயத் திடலின் பெருவேகத்திலே காற்றின் விசையால் சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். ஊர் வீதியிலே அது வெறுஞ் சுமை. இயந்திரத்தைத் தொடாது புகைக்குழாயை மட்டும் அகலமாக்கினால், பெருகுவது பெரும்பாலும் ஓசைதான்.

அழகு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தன் கையால் வண்டியைத் திருத்தும் இளைஞரிடத்தில் ஊக்கமும் கைத்திறனும் உண்டு, அவை போற்றத்தக்கவை. வரிசைதான் தவறிவிடுகிறது. முதலிலே டயர், அடுத்துப் பிரேக், அதன்பின் இயந்திரம். மிஞ்சிய பணத்திலே வர்ணமும் சித்திரமும்.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் எடுத்துச் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்தார். நாம் விடைபெற எழுந்தபோது, "நாலு டயருக்கும் எவ்வளவு முடியும், மாமா?" என்று கேட்டார்.

மனநிறைவோடு வீடு திரும்பினோம்.