தோளில் இருந்த கை

எங்கள் வீட்டு முன்னறையில் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு தொங்குகிறார். உயிரோடு இருந்தவரை அவர் கோட்டு போட்டதே கிடையாது. மேட்டூரில் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை. காக்கி அரை டவுசரும் பனியனும்தான் முக்கால்வாசி நாள். அவர் போன பிறகு, மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று தகரப்பெட்டியைக் கிளறினோம். கிடைத்தது ஒன்றே ஒன்று. ஷிப்டு முடிந்து வெளியே வந்தவர்களை ஆலை வாசலிலேயே நிறுத்தி யாரோ எடுத்த படம். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பின்னால் இரும்பு கேட். சுவரோரம் சாய்த்த சைக்கிள்கள், அவற்றின் ஹேண்டில்பாரில் தூக்குப்போசிகள். ஓரத்தில் ஒரு டீக்கடையின் பாதிக் கூரை. இரண்டாவது வரிசையில் அப்பா. அவர் இடது தோளில், பக்கத்தில் நின்றவரின் கை.

பெரியண்ணன் கத்தரியால் அப்பாவை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். மீதியை மறுநாள் காலையில் கூட்டிப் பெருக்கியபோது குப்பையோடு அள்ளிவிட்டோம். ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கி, டச்சப் செய்து, கோட்டு வரைந்து கொடுத்தார். தோளில் இருந்த கையைத் தூரிகையால் அழித்துவிட்டிருந்தார். "அம்சமா இருக்குதுங்க" என்று சொல்லி, கேட்டதற்கு மேல் பத்து ரூபாய் கொடுத்தோம்.

இதை என் குடும்பத்தோடு முடிகிற கதையாக நான் சொல்லவில்லை. மேட்டூரில் இந்தக் கத்தரி இல்லாத வீடு இல்லை. ஊரே சேர்ந்து செய்த காரியம் இது. ஊரே சேர்ந்துதான் ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

எங்கள் ஊருக்குப் படமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1925-ல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அணை. 5,300 அடி நீளம், 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. வடிவமைத்த எல்லிஸ் பெயர் தெரியும். நீர்த்தேக்கத்துக்குப் பெயர் தந்த கவர்னர் ஸ்டான்லியைத் தெரியும். திட்டத்தின் வரலாற்றை 1940-லேயே சி.ஜி.பார்பர் தனிப் புத்தகமாக எழுதிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூன் 12-ம் தேதியும், தண்ணீர் இருக்கிற வருடமெல்லாம், டெல்டா பாசனத்துக்கு மதகு திறப்பார்கள். பாயும் நீரில் பெரிய மனிதர்கள் பூத்தூவுகிற படம் பேப்பரில் வரும். அந்தப் படத்தில் பின்னால் நிற்கும் அணைப் பணியாளரின் பெயரைக் கீழே போட்ட பேப்பரை நான் பார்த்ததில்லை. அது என்ன பெயர் என்று நாங்களும் ஒருநாளும் கேட்டதில்லை.

அணைக்கு அடியில் ஒரு தொழில் நகரமே முளைத்தது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுப்பதற்கும், அலுமினியம் பிரிப்பதற்கும் மலையளவு மின்சாரம் வேண்டும். கூடவே தண்ணீரும் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ். 1937-ல் நீர்மின் நிலையம். பிறகு நூல் ஆலை, அலுமினிய ஆலை, 1987-ல் அனல் மின்நிலையம். மூன்று தலைமுறை சங்குச் சத்தத்துக்கு எழுந்தது, சங்குச் சத்தத்துக்குச் சோறு தின்றது, சங்குச் சத்தத்துக்குத் தூங்கியது. அந்த மூன்று தலைமுறையின் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தது என்று காட்ட எங்களிடம் படம் இருக்கிறதா?

சேலம் கேம்ப் என்று எங்கள் ஊரில் ஒரு பகுதி. 'கேம்ப்' என்ற சொல் இன்னும் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே சோறு பொங்கிய ஒரு அடுப்பின் படம்? சதுரங்காடியில் சம்பள நாள் சாயங்காலம்? தொட்டில்பட்டிக் குழாயடி? நைட் ஷிப்டு முடிந்து ஆற்றில் இறங்கி, தலைமுடியிலிருந்து பஞ்சுத்தூசி போகக் குளித்தவர்கள்? பரிசலுக்குத் தோல் போர்த்தியவர்கள்? ஆலைக் கக்கூஸ் கழுவியவர்கள்? எதுவும் இல்லை.

காமிரா ஏது, காசு ஏது என்போம். பாதி உண்மை. எழுபதுகளில் 'கிளிக் த்ரீ' காமிரா வந்துவிட்டது. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இருக்கும். ஒரு சுருளுக்கு 12 படம். அந்தப் பன்னிரண்டை எப்படிச் செலவழித்தோம் என்பதுதான் கேள்வி. அணைப் பூங்காவில் நான்கு. அணைக்கட்டு முனியப்பன் கோயில் வாசலில் இரண்டு. மொட்டையடித்துக் காதுகுத்திய குழந்தைக்கு மூன்று. மிச்சத்தைப் பொங்கலுக்கு என்று பத்திரப்படுத்தி, பொங்கலன்று மாட்டுக்கு முன்னால் வரிசையாக நின்று முடித்தோம். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரை முழுக்க ஜனம் இருக்கும். அன்றைக்கும் காமிரா எங்கள் குடும்பத்தை மட்டுமே பார்த்தது.

அம்மா அடுப்படியில் இருக்கும்போது ஒருமுறை காமிராவைத் தூக்கிக்கொண்டு போனேன். "இந்தக் கோலத்துல எடுக்கறதுக்கு நான் என்ன கிறுக்கியா? போடா, சீலை மாத்திட்டு வாரேன்" என்றாள். மாற்றிக்கொண்டு வந்தாள். பொட்டு வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்பது வருடம் அவள் குனிந்து ஊதிய அடுப்பு நாற்காலிக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் இருந்தது. படத்தில் விழவில்லை. விழாமல் பார்த்து நின்றவன் நான்தான்.

எங்கள் நோய் வறுமையல்ல, கூச்சம். உழைக்கிற கோலம் படத்துக்கு ஆகாது என்று நம்பினோம். கரி படிந்த கை, கிழிந்த பனியன், தண்ணீர்க்குடம் எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டுச் சிரித்தோம். எங்களில் வசதியானவர்கள் ஒரு படி மேலே போனார்கள்: வேலைக்காரப் பெண் படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தால் அந்த ஓரத்தையே மடித்து ஆல்பத்தில் செருகினார்கள்.

இத்தனைக்கும் தப்பித் தவறிச் சில படங்கள் பிழைத்திருந்தன. அவற்றையும் நாங்கள் காப்பாற்றவில்லை. கலர் வந்ததும் கருப்பு வெள்ளையைப் பரணில் ஏற்றினோம். அங்கே ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சத்தை எடுத்து, பசை தடவிய ஆல்பத் தாளில் ஒட்டினோம். பசை மஞ்சளாகிப் படத்தையும் கூட்டிக்கொண்டு போனது. லேமினேஷன் வந்த காலத்தில் ஆசை ஆசையாகப் பிளாஸ்டிக்கில் அடைத்து, திருப்பி எடுக்க முடியாதபடி பாழாக்கினோம். ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, பெட்டி பெட்டியாகக் கிடந்த நெகட்டிவ்களை ஒருவரும் போய்க் கேட்கவில்லை. காடி புளித்த வாடை அடிக்கிறது என்று கடைக்காரர்களே தள்ளிவைத்தார்கள். ஃபிலிமே தன்னைத் தின்னத் தொடங்கிய வாடை அது. ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது. கிலோக் கணக்கில் எடைபோட்டு வாங்கி உருக்க ஆள் இருந்தது. ஓர் ஊரின் முகங்கள் கரைந்து வெள்ளியாகிக் கொலுசாகக்கூடப் போயிருக்கலாம்.

நஷ்டம் வெறும் ஏக்கம் அல்ல. தொழிற்சாலைக் கழிவால் ஆற்றுத் தண்ணீரின் நிறம் மாறிவிட்டதாக மீனவர்கள் முறையிடுகிறார்கள். "முன்னாடி எப்படி இருந்தது?" என்று அதிகாரி கேட்கிறார். நல்லா இருந்துச்சு என்கிறோம். எந்த வருடம் வரை? எந்தத் துறையில்? துணி துவைத்த கல் எது, குடிக்க மொண்ட இடம் எது? கரையில் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணின் படம், தேதி போட்டு, இருந்தால் அது சாட்சி. எங்களிடம் சாட்சி இல்லை, ஞாபகம் மட்டும்தான். ஞாபகத்தை மனுவோடு இணைக்க முடியாது.

கோடையில் அணை வற்றும்போது பண்ணவாடியில் தண்ணீருக்குள்ளிருந்து நந்தி தலை காட்டும். பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் தெரியும். அணைக்காக மூழ்கிய ஊர்களின் மிச்சம். கார் போட்டுக்கொண்டு போய் நந்தியோடு செல்ஃபி எடுக்கிறோம். அந்த ஊர்களை விட்டு மூட்டை முடிச்சோடு கிளம்பியவர்களில் யாரிடமும் காமிரா இருந்திருக்காது. அவர்களை மன்னிக்கலாம். தண்ணீரே ஏறாத மேட்டில், கையில் காமிராவோடு உட்கார்ந்து, ஒரு முழு ஊரைத் தொலைத்த எங்களை எந்தக் கணக்கில் வைப்பது?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடி எண்மப் பிரதியாக்கினார்கள். எங்கள் தாத்தா பாட்டியின் முகம் முக்கியம் என்று யாரோ வந்து சொல்லவேண்டியிருந்தது. அதற்காக நன்றி சொல்லலாம். அதோடு கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும்.

போன மாதம் அப்பா படத்தின் கண்ணாடி விரிசல் விட்டது. ஃப்ரேமைப் பிரித்து, படத்தை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். சாய்ந்த வெளிச்சத்தில் கோட்டின் இடது தோளில் மட்டும் வண்ணம் தடிமனாகத் தெரிந்தது. நான்கு சின்ன மேடுகள். நேராகப் பார்த்தால் இல்லை. சாய்த்தால் இருக்கின்றன. விரலால் தடவிப் பார்த்தேன்.

அண்ணனுக்குப் போன் போட்டு, அந்தக் கை யாருடையது என்று கேட்டேன். "டிபன் பங்கு போட்டுத் தின்னுவாரு ஒருத்தரு, நவப்பட்டிக்காரரு... பேரு வாயில வரமாட்டேங்குதே" என்றார். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

படத்தைத் திருப்பி, பென்சிலால், அழுத்தாமல் எழுதினேன்: 'ஆலை வாசலில் எடுத்தது. கோட்டு பிற்பாடு வரைந்தது. தோளில் ஒரு கை இருந்தது, நவப்பட்டிக்காரர். மற்ற முப்பது நாற்பது பேரை நாங்கள்தான் வெட்டி எறிந்தோம்.' பிறகு புதுக் கண்ணாடி போட்டு, பழைய ஆணியிலேயே மாட்டினேன்.